குதிகால் தரையில் பட்ட காலை

செம்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், நடக்கும்போது மனிதர்களின் பாதம் எப்படி அசைகிறது என்று அளப்பதுதான் என் வேலை. நீளமான ஒரு ஹால், சுவரைச் சுற்றிக் கேமராக்கள். தரையின் நடுவே இரண்டு பலகைகள் பதித்திருக்கும். மிதித்தால் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அவை சொல்லிவிடும். வருகிறவரின் கணுக்கால், குதிகால், விரல் முட்டு என்று இடம் பார்த்துப் பட்டாணி அளவில் மினுங்கும் உருண்டைகளை ஒட்டுவேன். அவர் நடக்க நடக்க, திரையில் வெறும் கோடுகளாலான ஒரு கால் நடக்கும். வேலை கிடைத்த புதிதில் மாட்டுங்கா வீட்டில் இதை விளக்கியபோது அப்பா, "நடக்கறதுக்கெல்லாமா ஒரு டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

சேர்ந்த இரண்டாம் வருடம், மழை ஓய்ந்திருந்த சமயம், தாராவியிலிருந்து ஒரு அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வீட்டில் இட்லி அவித்து, பெரிய அலுமினியக் குண்டானில் அடுக்கித் தலையில் சுமந்துபோய்த் தெருத்தெருவாக விற்பவர். மேல் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் வழுக்கி இடது கணுக்கால் முறிந்திருக்கிறது. ஆபரேஷன் ஆகி எலும்பும் கூடிவிட்டது. ஆனால் ஆறு மாதமாகியும் நொண்டல் போகவில்லை. மூட்டு இறுகிவிட்டதோ, மறுபடி திறந்து பார்க்க வேண்டுமோ என்று எலும்பு டாக்டருக்குச் சந்தேகம். அதைத் தீர்க்கத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார். அதுவரை சுமை தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

உருண்டைகளை ஒட்டி முடித்து நடக்கச் சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டே, கண்ணாடிமேல் நடப்பதுபோல் நடந்தார். பலகை வந்ததும் நின்றுவிட்டார்.

"இதுல மிதிக்கலாமா டாக்டரம்மா? ஒடைஞ்சிராதே?"

"ஒடையாதுக்கா. நான் டாக்டர் இல்ல. நீங்க பாட்டுக்கு சாதாரணமா நடங்க."

"சாதாரணமாத்தான் நடக்கேன்."

பத்துத் தடவை நடக்க வைத்தேன். பத்திலும் இடது குதிகால் தரையில் படவே இல்லை. முன்பாதம் தொட்டதும் தொடாததுமாய் வலது காலுக்குப் பாய்ந்துவிட்டார். திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இந்தக் குச்சிக் காலு நானா? பாக்கவே பாவமா இருக்கே" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. படுக்க வைத்து நான் மடக்கியபோது அந்தக் கணுக்கால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் நடக்கப் போதுமான அளவு மடங்கியது. நடக்கும்போது மட்டும் மடங்கவில்லை. எழுதப்போகும் எண்களை மட்டும் பார்த்தால் எந்த டாக்டரும் ஆபரேஷன் என்றுதான் சொல்வார். இரண்டு நாள் அறிக்கையை அனுப்பாமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் குண்டானும் தலையுமாக அந்த அக்கா போய்க்கொண்டிருந்தார். முதலில் கோபம்தான் வந்தது, சொன்னதைக் கேட்கவில்லையே என்று. அப்புறம்தான் காலைப் பார்த்தேன். குதிகால் இறங்கியது. பாதம் முழுக்கத் தரையில் படிந்து, விரலை ஊன்றி எழுந்தது. மறுபடி குதிகால். கையில் வாழைப்பூவோடு நான் ஒரு சந்து முழுக்க அவர் பின்னாலேயே போனேன், காலடியை எண்ணிக்கொண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திரும்பாமலே கேட்டார். "யாரு, பின்னாலயே வாரது?"

முன்னால் போய் நின்றேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

"டாக்டருகிட்ட சொல்லிராதிய தங்கச்சி. ஒரு வாரமாத்தான் தூக்குதேன். வீட்ல எத்தன நாள்தான் சும்மா இருக்கது?"

"நான் கேக்க வந்தது வேற. தலையில இதோட நடந்தா வலிக்குதா?"

"காலையில கொஞ்சம் கடுக்கும். நடக்க நடக்கச் சரியாயிரும்."

"வெறும் கையோட நடந்தா மட்டும் ஏன் நொண்டுறீங்க?"

அவர் யோசித்தார். ஒருவர் வந்து நான்கு இட்லி கேட்டார். சட்னியை ஊற்றிக்கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "பாரம் இருந்தா குனிஞ்சு காலப் பாக்க முடியாதுல்லா? நேராப் பாத்துப் போயிருதேன். சும்மா நடந்தா கண்ணு காலுக்குத்தான் போவுது. பாத்தா பயமா இருக்கு."

மறுநாள் குண்டானோடு ஹாலுக்கு வரச் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு மராட்டியர்; விதிமுறையில் கறாரானவர். "அளவெடுக்கும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது, தெரியாதா?" என்று இந்தியில் கடிந்துகொண்டார். "கையில் இல்லை சார், தலையில்" என்றேன். முறைத்தார். பிறகு, விழுந்தால் பிடிக்கத் தானே பக்கத்தில் நடப்பதாகச் சொன்னார்.

அக்கா காலி குண்டானைக் கொண்டுவருவார் என்று நினைத்திருந்தோம். இட்லியோடு வந்தார். துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, குண்டானை ஏற்றி, எதிர்ச் சுவரைப் பார்த்து நடந்தார். பலகை எங்கே இருக்கிறது என்று தேடக்கூட இல்லை. தலைவர் கைகளை நீட்டியபடி பக்கத்திலேயே ஓடினார்.

திரையில் இடது குதிகால் தரையைத் தொட்டது. கணுக்கால் நன்றாகவே மடங்கியது. பலகை வரைந்து காட்டும் அழுத்தக் கோடு முதல் முறையாக இரண்டு மேடுகளாக எழுந்தது. ஊன்றும்போது ஒன்று, உந்தி எழும்போது ஒன்று. ஆரோக்கியமான நடையில் அப்படித்தான் வரும். ஆறு தடவை நடக்க வைத்தோம். ஆறிலும் வந்தது. அன்று ஹாலில் அனைவருக்கும் இட்லி. தலைவர் ஏழு தின்றார்.

எலும்பு டாக்டர் நேரில் வந்து இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மூட்டு ஒழுங்காத்தான் இருக்கு. இதுக்கு எதுக்குக் கத்தி?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு அழுதார். நானும்தான்.

அப்புறம் வேலை மெதுவாகத்தான் நடந்தது. பாதிப் பாரம், பிறகு காலி குண்டான், பிறகு சும்மாடு மட்டும், கடைசியில் எதுவும் இல்லாமல், எதிரே ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே. அந்த முகம் பெரும்பாலும் என்னுடையது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும், தாராவியில் தண்ணீர் வராத நாட்களும், எல்லாம் அந்த ஹாலில் நடந்தபடி கேட்டவைதான். நான்காவது மாதம் வெறும் தலையோடு பலகையைக் கடந்தார். இரண்டு மேடுகள் வந்தன. இடது காலின் மேடுகள் வலதைவிடச் சற்றுத் தாழ்வுதான். படியிறங்கும்போது இன்னும் கைப்பிடியைப் பிடிக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பயமும் எறங்கும் மெதுவா" என்கிறார்.

இப்போது எங்கள் ஹாலுக்கு வருகிற எவரிடமும் முதலில், "நீங்கள் நடக்கும்போது என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" என்று கேட்கிறோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நடந்தாள். தேவ்நாரிலிருந்து வந்த ஒரு பிளம்பர் கருவிப் பையோடு நடந்தார். போன வாரம் வந்த பெரியவர் ஒருவர், தன் நாயோடு மட்டும்தான் நடப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குள் நாயை விடமாட்டார்கள் என்று வாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தார். தலைவர் சிறிது நேரம் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு கேமராவைக் கழற்றி என் கையில் கொடுத்து, வெளியே வேப்பமரத்தடிக்குப் போகலாம் என்றார்.