எதிர்வீட்டு வாசல் விளக்கு

போன வருஷம், தைப்பூசம் முடிந்து நிலா நன்றாகத் தேய்ந்திருந்த சமயம். சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில், புதிதாக வாங்கிய சின்னத் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு நெபுலா, அதாவது புகைபோல் ஒரு வாயு மேகம், தெரியும் என்று படித்திருந்தேன். ஒரு வாரமாகத் தேடியும் அகப்படவில்லை. எனக்குத் தேடத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லை. பழியை எதிர்வீட்டு வாசல் விளக்கின் மேல் போட்டேன்.

அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொன்னேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

"அவரு வேல முடிஞ்சு சிங்கப்பூர்லேர்ந்து வர்ற நேரம்ண்ணே. லொங்காங் மூடி வேற ஒடஞ்சிருக்கு" என்று கேட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடையைக் காட்டி இழுத்தாள்.

"கொஞ்ச நேரம்தானம்மா. ஒன்னும் ஆயிடாது."

வயதில் மூத்தவன் என்று மறுபேச்சு பேசாமல் அணைத்துவிட்டுப் போனாள்.

கண் இருட்டுக்குப் பழகியதும் அது கிடைத்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது, சற்று ஓரமாகப் பார்த்தால் வெளிறிய திட்டாகத் தெரிந்தது. நெபுலாதான். குழந்தை மாதிரி குதித்தேன். அவள் கணவரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் காதில் விழுந்தும் கண்ணை எடுக்கவில்லை. கேட்டைத் திறக்கப் போனவர், உடைந்த மூடி வழியாகச் சாக்கடைக்குள் காலை விட்டுவிட்டார். அவர் அலறிய பிறகுதான் ஓடினேன்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணுக்கால் முறிந்திருந்தது. வலியில் அவர் மனைவியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"லைட்ட ஏன்டி அணைச்ச?"

"மறந்து அணைச்சிட்டேங்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு அவர் என்னைப் பார்த்து, "நல்லவேளை நீங்க வாசல்ல இருந்தீங்கண்ணே" என்றார். கூசிப்போனேன்.

கால் கூடும்வரை அவர் வேலைக்குப் போகவில்லை. வேலை நிலைக்குமா என்று அந்தக் குடும்பம் தவித்ததை எதிரிலிருந்தே பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது மூடி புதிது, அவரும் வேலைக்குப் போகிறார். அவர் வீட்டுக்குள் போனதும், நான் கேட்காமலேயே அவள் வாசல் விளக்கை அணைத்துவிடுகிறாள், அண்ணன் வானத்தைப் பார்க்கட்டும் என்று. அவரிடம் உண்மையைச் சொல்லும்வரை அந்த இருட்டில் நிற்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றுகிறது. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறேன்.