பாலத்து ஏற்றத்தில் நின்ற மீன் வண்டி

இன்று காலை பேசின் பிரிட்ஜ் பாலத்து ஏற்றத்தில் ஒரு பேட்டரி மீன் வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் பைக்கில் நான். ஹாரனை அமுக்கிக்கொண்டே கத்தினேன்.

"ஓட்டத் தெரியலைன்னா எதுக்குக்கா ரோட்டுக்கு வர்றீங்க?"

வண்டிக்கார அக்கா திரும்பினார். "இன்னாத்துக்கு நைனா கூவுற? நானா நிப்பாட்டுனேன்? மேடு ஏறுனா இந்த டப்பா படுத்துக்குது. பொட்டில ஐஸ் கரைஞ்சிகினு கீது, நீ வேற!"

அவர் காட்டிய டப்பாவைப் பார்த்தேன். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்துவிடும் கன்ட்ரோலர். நான் வடிவமைத்தது.

விலையைக் குறைக்க, அதில் கரண்ட்டைத் தாங்கும் மாஸ்ஃபெட் சில்லை மலிவானதாகப் போட்டேன். அது எரியாமலிருக்க கரண்ட்டைக் குறைத்து வைத்தேன். சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீன் வண்டிக்கு இது போதும் என்று சொன்னதும் நான்தான்.

பைக்கை ஓரங்கட்டிவிட்டு, பாலத்து உச்சிவரை வண்டியைத் தள்ளினேன்.

"நல்லா இருப்ப நைனா," என்றார். "இத்த செஞ்ச கஸ்மாலம் மட்டும் என் கையில மாட்டட்டும்..."

"மாட்டுவான்க்கா," என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் இல்லை.

நாளை வேறு நல்ல கன்ட்ரோலர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போக வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதை வண்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?