குன்வோரின் அகலமான சீட்டு

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாஃபிள் சுடும் அச்சு சூடாகிவிடும். அதற்குள் சீட்டை எழுதி, மடித்து, பழைய இஞ்சி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். வடகோடியில், ஹார்ஸ்டாட் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும், கடலடி எண்ணெயை மதிப்பிடும் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இது எழுதாத சட்டம்.

சீட்டில் இரண்டே எண்கள்தான். பேரன்ட்ஸ் கடலுக்கு அடியில் இன்னும் யாரும் துளை போடாத ஒரு பாறை மடிப்பு. அதில் எண்ணெய் இருந்தால் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. பத்துத் தடவை எழுதினால் எட்டுத் தடவை உண்மை அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் கையும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

குன்வோர் மிக்கல்சனுக்கு இந்த வேலையில் இருபத்தாறு ஆண்டு. அவளுடைய சீட்டைப் பிரித்துப் படிக்கும்போதெல்லாம் மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழும். மற்றவர்கள் நாற்பது லட்சம் கன மீட்டர் முதல் எழுபது லட்சம் வரை என்று எழுதியிருப்பார்கள். அவள் இரண்டு லட்சத்தில் தொடங்கிப் பத்துக் கோடியில் முடிப்பாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு பெரிய மடிப்புக்கு மார்தட்டிக்கொண்டு குறுகலாக இரண்டு எண் சொன்னாள். அது எப்படியோ செய்தித்தாளுக்குப் போயிற்று. வார்டோ என்ற கடற்கரை ஊரில் இருந்த அவளுடைய அக்காள் கணவன் அதைப் படித்துவிட்டு, வரப்போகும் எண்ணெய்க்காரர்களுக்காகப் பன்னிரண்டு அறைகளுடன் விடுதி கட்டத் தொடங்கினான். துளை போட்டுப் பார்த்தால் பாறையில் எண்ணெய்க் கறை மட்டும் ஒட்டியிருந்தது. பழைய பனியுகங்களின் பனிப்பாளங்கள் மேலிருந்த பாறையைச் சுரண்டியதில் மடிப்பு சாய்ந்து, உள்ளே இருந்தது எப்போதோ வழிந்து போயிருந்தது. விடுதி இன்றும் நிற்கிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் தங்குகிறார்கள். அக்காள் கணவனுக்கு வருத்தம் ஏதுமில்லை. குன்வோரின் சீட்டில்தான் அன்றிலிருந்து இரண்டு எண்களும் விலகிப் போய்விட்டன.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், தெற்கிலிருந்து இல்வா என்ற இளம்பெண் வேலைக்கு வந்தாள். வந்ததும் பழைய சீட்டுகளையெல்லாம் தோண்டி எடுத்து, எண்ணெய் கிடைத்த பத்துக் கிணறுகளோடு ஒப்பிட்டாள். மற்றவர்களுக்குப் பத்தில் நான்குதான் சரி. குன்வோருக்குப் பத்தும் சரி.

"பத்துக்குப் பத்து! இத்தனை நாள் உன்னைப் பார்த்துச் சிரிச்ச எங்க வாயை அடைச்சுட்டியே!" என்று கை தட்டினான் பிரிவின் தலைவன் ஸ்டைனார்.

"எதுக்குக் கை தட்டறீங்க?" என்றாள் இல்வா. "எட்டு வந்திருக்கணும். பத்து வந்தா அவ எதையுமே சொல்லலைன்னு அர்த்தம்."

"என்கிட்டயே நேரா சொல்லு பொண்ணே. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

"சரி, சொல்றேன். உன் சீட்டுல மொத்தக் கடலும் அடங்கிடும். தப்பாயிடுமோன்னு பயந்து பயந்து எழுதறே."

குன்வோர் வாஃபிளைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தாள். கோபம் வந்தது.

அப்போதே எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்று இருந்தது. வடக்கே, பனி விளிம்பு வரைக்குமான கடல் முழுவதற்கும் ஒரே மதிப்பீடு போட வேண்டியிருந்தது. ஒரு கிணறுகூட இல்லாத கடல். கோடையில் கப்பல்கள் கடலடிப் பாறைக்கு ஒலி அனுப்பி வரைந்து வந்த அதிர்வுக் கோடுகள் மட்டுமே கையில். அதை வழிநடத்துகிறவரிடம்தான் டப்பா இருக்கும். குன்வோர் அத்தனை ஆண்டும் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான்.

"இனி எண்ணெய் கிடைக்கிற அஞ்சு கிணத்தைப் பார்ப்போம்," என்றான் ஸ்டைனார். "துணிஞ்சு எழுது. அஞ்சுல நாலு வந்தா டப்பா உனக்கு. அஞ்சும் வந்தா நீ இன்னும் ஒளிஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்னு வெச்சுக்குவேன்."

வீட்டில் அவள் கணவன் ஆர்ன்ஃபின் காட் மீனையும் அதன் ஈரலையும் வேகவைத்துக்கொண்டிருந்தான். அவன் மீனவன். அவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நாளைக்கு எவ்வளவு மீன் வரும்னு உனக்கு மட்டும் தெரியுமா?" என்று முடித்தாள்.

"எனக்கெப்படித் தெரியும்? ஆனா எத்தனை பெட்டி ஐஸ் வேணும்னு துறைமுகத்துல ஐஸ்காரன் கேப்பான். ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும்னு சொன்னா, கொக்கியால அடிப்பான் என்னை."

"நீ சொல்றது தப்பாப் போனா?"

"ஐஸ் உருகும். இல்லாட்டி மீன் நாறும். ரெண்டும் நடந்திருக்கு. நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன் கிழவி, உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு."

அந்த வாரச் சீட்டை எழுதக் குன்வோருக்கு நான்கு நாள் பிடித்தது. மடிப்பு எவ்வளவு சாய்ந்தது, எவ்வளவு வழிந்திருக்கும் என்று கோடு கோடாகப் பார்த்து, ஓரிடத்தில் துணிந்து பேனாவை வைத்தாள். சீட்டைப் பிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அதுவே விநோதமாக இருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நான்கு கிணறுகளில் எண்ணெய் கிடைத்தது. நான்கும் அவள் எண்களுக்குள் விழுந்தன. ஐந்தாவது கிணற்றின் முடிவு, நீண்ட குளிர்கால இருள் முடிந்து ஜனவரியில் சூரியன் திரும்பி வந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை வர இருந்தது.

"இப்போ நீ தோக்கணும்னு வேண்டிக்கணும்," என்றாள் இல்வா, மாவைக் கலக்கிக்கொண்டே.

"வேண்டுதலுக்கு அசையற பாறையா அது? எழுதும்போது எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன். இனி அது பாடு." சொல்லிவிட்டாளே தவிர, ஒரே கோப்பையை மூன்று முறை கழுவினாள்.

ஸ்டைனார் காகிதத்தோடு வந்தான். "குன்வோர் சொன்னது அறுபது லட்சத்துலேருந்து மூணு கோடி வரைக்கும்." நிமிர்ந்து பார்த்தான். "வந்தது முப்பத்துநாலு."

"கோடியா?" என்றாள் இல்வா.

"லட்சம்."

குன்வோர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் நின்றாள். மடிப்பின் மேற்கு விளிம்பில் விரலை வைத்தாள். பாதிதான் வழிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். எண்ணெய் மேலே ஏறித் தப்பிக்க, இன்னும் உயரத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது; இதோ, இந்த மங்கலான கோடு. மூன்று ஆண்டாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. முதல் ஆண்டைப் போல வெட்கமாக இருக்கும் என்று காத்திருந்தாள். சிரிப்புத்தான் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன்! சுத்தத் தப்பு!"

"இவ்வளவு சந்தோஷமாத் தப்பு பண்ணினவளை நான் பாத்ததே இல்லை," என்றான் ஸ்டைனார். "அஞ்சுல நாலு," என்று பிஸ்கட் டப்பாவை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினான்.

இல்வா முதல் வாஃபிளை எடுத்து, பழுப்புப் பாலாடைக்கட்டியை அதன்மேல் சீவி, அவளிடம் நீட்டினாள். குன்வோருக்கு வாயூறியது. ஆனாலும் கையை நீட்டவில்லை.

"வடக்குக் கடல், முதல் மடிப்பு," என்றாள், டப்பா மூடியைத் திறந்தபடி. "எல்லாரும் எழுதுங்க. எழுதினப்புறம்தான் வாஃபிள். எனக்கும் சேர்த்துத்தான்."