தொண்ணூற்றேழு பாக்கும் ஒரு பின்னறையும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகசாலையில் தலைவர் தேர்தல். ஓட்டு எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. இதை எழுதும்போதும் கட்டைவிரலில் பாக்குக் கறை இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது.

ஏன் என்னைப் போட்டார்கள்? துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவன் நான். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. என் வீட்டிலிருந்து வாசகசாலைக்கு அறுநூற்றுப் பதினெட்டுக் காலடி. மழை நாளில் அறுநூற்று நாற்பது — சாக்கடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

போன வருஷம் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினோம். தொண்ணூறு பேர் இருந்த கூடத்தில் நூற்றுப் பதினாறு கை. நான் தப்பாக எண்ணவில்லை. தூக்கியவர்கள்தான் தாராளமாகத் தூக்கிவிட்டார்கள். பிறகு ஒரு மணி நேரம் கைகலப்பு. ஆகவே இந்த வருஷம் ரகசிய ஓட்டு என்று முடிவாயிற்று.

ரகசிய ஓட்டுக்குச் சீட்டு வேண்டும். சீட்டில் பெயரை வாசிக்க வேண்டும். எங்கள் மெம்பர்களில் பாதிப் பேருக்கு மேல் வாசிக்கத் தெரியாது. வாசகசாலையில் அவர்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நடுநடுவே ஆட்சேபிப்பார்கள்.

யோசனை சொன்னது நான்தான். ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு. ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் மூன்று பிஸ்கட் டின். ஒவ்வொரு டின்னிலும் ஒரு படம். வேண்டிய டின்னில் பாக்கைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மலாய்ப் பாஷையில் பாக்கின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் பாக்குக்கா பஞ்சம்? பாசாரில் நூறு பாக்கு வாங்கினேன். மூன்று சொத்தை. மீதி தொண்ணூற்றேழு. மெம்பர்கள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத் தொண்ணூற்றேழு! இதை நல்ல சகுனம் என்று நினைத்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த வயதிலும் சகுனத்தை நம்புகிறேன், பாருங்கள்.

மூன்று டின் என்றால் மூன்று வேட்பாளர்கள். சோடா பாட்டில் படம் போட்ட டின் சபாபதியுடையது. சோடா கம்பெனி முதலாளி. வண்டிச் சக்கரம் போட்டது மாயாண்டியுடையது. மாட்டு வண்டிக்காரர் சங்கத்துக்குத் தலைவர். ஸ்லேட்டுப் படம் போட்டது அருளப்பன் மாஸ்டருடையது.

சம்பளமில்லாத தலைவர் பதவிக்கு இரண்டு பெரிய மனிதர்கள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? எனக்கும் முதலில் விளங்கவில்லை. வாசகசாலைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அறைக்கு வெளியே கொல்லை. கொல்லையில் கிணறு. தலைவராக வருகிறவர் கையில்தான் பின்னறைச் சாவி. சபாபதிக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரும், பாட்டில் அடுக்க அந்த அறையும் வேண்டும். மாயாண்டிக்கு மாடு கட்டக் கொல்லையும், வைக்கோல் போட அறையும் வேண்டும். தமிழ் வளர்க்க வேண்டும் என்று இருவருமே மேடையில் சொன்னார்கள்.

அந்த அறையில் இப்போது என்ன இருக்கிறது? வாரத்தில் மூன்று சாயங்காலம் மாஸ்டர் நடத்தும் வகுப்பு இருக்கிறது. பகலில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையே சாயங்காலம் பெரிய பிள்ளைகளுக்கு — காசு வாங்காமல். மொத்தம் பதினெட்டுப் பேர். துறைமுகக் கூலிகள், சலவைக்காரர்கள், பால்காரர் கோவிந்தன். கோவிந்தனுக்கு நாற்பத்தெட்டு வயது. போன மாதம்தான் முதல் தடவையாகக் கடல் தாண்டி ஊரில் இருக்கும் மனைவிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். பதினோரு வார்த்தை. நாலு தப்பு. அதற்கு முன்பெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி எழுத வேண்டும். மனைவிக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து ஊர் கேட்கச் சொல்ல முடியுமா?

மாஸ்டர் தோற்றால் அந்த வகுப்பு தெருவுக்குப் போகும். வேறு இடம் கிடையாது.

பிரசாரம் ஒரு மாதம் நடந்தது. சபாபதி கட்சியில் சோடாதான் பேசிற்று. வாசகசாலைக்கு யார் வந்தாலும் கையில் ஒரு பாட்டில். சிவப்பு, பச்சை, மஞ்சள். எனக்கும் வந்தது.

"கிராணி ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க. ஒண்ணு குடிங்க."

"ஓட்டுக்காகவா, சபாபதி?"

"சேச்சே! தாகத்துக்கு. ஓட்டு உங்க இஷ்டம்லா. தாகத்தை யாரு தீர்த்தாங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

பதினோரு முறை தீர்த்தார். ஏழு சிவப்பு, நாலு பச்சை.

மாயாண்டி குடிக்கக் கொடுக்கிறவர் அல்லர், ஏற்றிக்கொண்டு போகிறவர். கல்யாணமா, வண்டி. கோயிலா, வண்டி. அந்த மாதம் என் மகள் கெலுகோர் பக்கம் குடி போனாள். விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு மாட்டு வண்டி நிற்கிறது! நாற்பத்து மூன்று சாமான்கள். ஒரு ஜாடி மூடி மட்டும் உடைந்தது.

"கூலி எவ்வளவு மாயாண்டி?"

"கூலியா? உங்க மகள்னா என் தங்கச்சி மாதிரி ஐயா. தங்கச்சிகிட்ட கூலி வாங்குவேனா? ஓட்டைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்கவில்லைதான். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கரப் படத்தோடு, 'மாயாண்டிக்கே' என்று எழுதி ஒட்டியிருந்தது. என் மகளின் கட்டில் அந்த எழுத்துகளோடு ஊர்வலம் போயிற்று.

மாஸ்டரும் வந்தார். வெறுங்கையோடு வந்தார்.

"சார், ஒங்களுக்குத் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வகுப்பு நிக்காம இருந்தாப் போதும். மறந்துடாதீங்க."

"உங்களுக்குத்தான் மாஸ்டர், சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டு ஆரம்பம். நான் திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து பாக்கை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் உள்ளே போவார், கொஞ்சம் தாமதம், பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், வெளியே வருவார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி, கடன் தீர்த்தவனைப் போல. அந்தச் சத்தத்தைப் பல்லி என்று நினைத்தேன். ஆனாலும் எண்ணினேன். அறுபத்து நாலு 'டக்'. என்ன வாயாடிப் பல்லி!

கடைசி ஓட்டு என்னுடையது. திரைக்குள் போனேன். ஸ்லேட்டு டின்னின் பக்கம் கை போயிற்று. அப்போது பக்கத்து டின்னிலிருந்து சோடா பாட்டில் என்னைப் பார்த்தது. பதினோரு பாட்டில்! மறுபக்கம் சக்கரம். நாற்பத்து மூன்று சாமான்! இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் துரோகமா? யோசித்தேன். மடியில் என்னுடைய பாக்குவெட்டி இருந்தது. நம் ஆட்களில் யார் மடியில்தான் இல்லை?

பாக்கை வைத்து அழுத்தினேன். 'டக்'.

பல்லி எது என்று அப்போதுதான் விளங்கிற்று.

பாதியைச் சோடா டின்னிலும் பாதியைச் சக்கர டின்னிலும் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசற்படியில் மாஸ்டர் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கூரையைப் பார்த்து ஓடுகளை எண்ணினேன்.

டின்களைத் திறந்து பாயில் கொட்டினோம். சோடா டின்னில் முழுப் பாக்கு ஒன்பது, பாதி அறுபத்தைந்து. சக்கர டின்னில் முழுப் பாக்கு ஒன்பது, பாதி அறுபத்தைந்து. ஸ்லேட்டு டின்னில் பதினாலு முழுப் பாக்கு. பாதி ஒன்றுகூட இல்லை. முழுப் பாக்குகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள், வேலைக்காரர்கள், வகுப்பில் மெம்பராக இருப்பவர்கள்.

நான் பென்சிலை எடுத்தேன்.

பாதியையும் அரை ஓட்டாகச் சேர்த்தால் சபாபதிக்கு நாற்பத்தொன்றரை. மாயாண்டிக்கு நாற்பத்தொன்றரை. மாஸ்டர் அவுட். பாதி செல்லாது என்றால் ஒன்பது, ஒன்பது, பதினாலு. மாஸ்டர் ஜெயித்தார்.

"பாதியும் ஓட்டுத்தான்!" என்றார் சபாபதி.

"ஆமா, ஓட்டுத்தான்!" என்றார் மாயாண்டி. அந்த மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் முறை. அடுத்த நிமிஷமே மாயாண்டி ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தார். "ஆனா என் டின்னுல விழுந்ததுதான் பெரிய பாதி. நல்லாப் பாருங்க. தட்டாரைக் கூப்பிட்டு நிறுத்துப் பாக்கணும்."

"நிறுக்கணுமா? ஓட்டு என்னா பவுனாய்யா? என் டின்னு பாக்கு காஞ்ச பாக்கு, கனம் குறைஞ்சிருக்கும்."

"ரெண்டும் ஒரே பாக்கோட பாதிய்யா!"

"அப்ப எதுக்குய்யா நிறுக்கணுங்குற?"

கோவிந்தன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "கிராணி ஐயா, அதெல்லாம் கிடக்கட்டும். எங்களுக்கு ரூமு உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

என்ன சொல்வது? பாதி செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என் ஓட்டே இரண்டு துண்டாக அந்தப் பாயில் கிடக்கிறது. அதை எந்த முகத்தோடு செல்லாது என்பது? ஆகவே துணிச்சல் இல்லாதவன் செய்வதைச் செய்தேன். சமரசம் பேசினேன்.

"இரண்டு பேரும் சமம். ஆளுக்கு ஆறு மாதம் தலைவராக இருங்கள்."

"இவன் மாடு ஆறு மாசம் நின்ன எடத்துலயா நான் சோடா போடறது? குடிக்கிறவன் என்னா சொல்லுவான்?"

"இவன் பாட்டில் ஒடைச்ச தரையிலயா என் மாடு நிக்கிறது? காலு கிழிஞ்சிடும்லா!"

"அப்படியானால் ஒருவர் விட்டுக்கொடுங்கள்."

"இவனுக்கா? அந்தச் சாவிய கெணத்துல போட்டாலும் போடுவேன், இவன் கையில குடுக்க மாட்டேன்!"

"இவன் அந்த ரூமுல காலு வச்சா நான் மீசையை எடுத்துடறேன்!"

"உனக்குக் கெடைக்கக் கூடாது!"

"உனக்கு மட்டும் கெடைக்கணுமா?"

"அப்ப அது வாத்தியார்கிட்டயே கெடந்துட்டுப் போகட்டும்லா!"

இந்தக் கடைசி வாக்கியத்தை யார் சொன்னது? சத்தியமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் பயந்துபோனது போலத் தெரிந்தது. மனம் மாறுவதற்குள் நான் எழுந்து நின்றேன். "உடைத்த பாக்குச் செல்லாது. அருளப்பன் மாஸ்டர், பதினாலு ஓட்டு!" பின்வரிசையில் பதினெட்டுப் பேர் எழுந்து கத்தினார்கள். கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் நன்றியுரை சொல்லவில்லை. பாயைக் காட்டிக் கேட்டார்: "சார், இந்த நூத்து முப்பது பாதியையும் நான் எடுத்துக்கலாமா? பின்னக் கணக்கு சொல்லிக்குடுக்க ஒதவும்."

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. ஓட்டுக்குக் கைநீட்டி வாங்குகிறவனை நேர்மையில்லாதவன் என்று திட்டுகிறோம். எங்கள் அறுபத்தைந்து பேரும் அப்படியா? வாங்கியதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தவர்கள். இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டுதான், ஒன்றும் கொடுக்காத ஒரு நல்ல மனிதரைத் தோற்கடிக்கப் பார்த்தோம். அவரைக் காப்பாற்றியது எங்கள் நல்ல குணம் அன்று. இரண்டு பெரிய மனிதர்களின் கெட்ட குணம்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போனேன். முடிதிருத்துபவரும் எங்கள் மெம்பர்தான். கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க கிராணி ஐயா. வாத்தியாருக்குப் பின்னாடி யாரு?"

"யாரும் இல்லையப்பா."

"என்னா ஐயா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க? சோடாக் கம்பெனி செலவு பண்ணித் தோத்தாரு. வண்டிக்காரரு செலவு பண்ணித் தோத்தாரு. ஒரு காசு செலவு பண்ணாம ஒருத்தர் ஜெயிச்சிருக்காருன்னா... பின்னாடி எவ்வளவு பெரிய தவுக்கே முதலாளி இருக்கணும்!"

ஊர் முழுக்க இதே பேச்சு. ஈயச் சுரங்கத்துக்காரர் என்கிறார்கள் சிலர். ரப்பர் தோட்டத்துக்காரர் என்கிறார்கள் சிலர். இருக்கிற சைவப் பணக்காரர்களிலும் கிறிஸ்தவப் பணக்காரர்களிலும் ஒருவரையும் விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பதினெட்டுப் பேர் இருந்த வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர்! இரண்டு தடவை எண்ணினேன். புதிதாக வந்தவர்கள் கையில் பை வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய ஆள் பின்னால் இருந்தால் மாஸ்டர் ஏதாவது கொடுக்காமலா இருப்பார் என்று வந்தவர்களாம்.

கொடுத்தார் — ஆளுக்கு இரண்டு பக்கம் வீட்டுப்பாடம்.