ரெண்டு பாட்டுக்கு நடுவில்

அம்மாவிடம் நான் அதிகமாக எரிந்து விழுந்தது ஒரு ரேடியோவை வைத்துத்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் கோயில் திருவிழாவில் காவடி புறப்பட்டால் சன்னிதியில் இறக்கி வைக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது. தேயிலை மலையைச் சுற்றி ஏறும் பாதை. பாட்டு நின்றால் காவடி எடுத்தவருக்குக் கால் தளர்ந்துவிடும் என்பார்கள். பல வருடமாகக் காவடிக்கு முன்னால் நடந்து பாடியவர் அப்பா. ஒரு பாட்டின் கடைசி அடியிலேயே அடுத்ததைப் பிடித்துவிடுவார். அவருக்கு ஈடுகொடுத்து அடிக்கும் உறுமிக்காரர்களுக்கு வியர்த்து ஊற்றும். அவர் கடைசியாகப் பாடிய வருடம், பின்னாலேயே நடந்து முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்தேன்.

மறு வருடம் நெஞ்சு நோய் முற்றி அப்பா போய்விட்டார். அம்மா கேட்கட்டும் என்று அந்தப் பதிவைப் பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பிடித்ததை மட்டும் எடுத்துக் கேட்கலாமே என்று, பாட்டுப் பாட்டாக வெட்டிப் பென்டிரைவில் போடச் சொன்னது என் கெட்டிக்காரத்தனம். பதினோரு துண்டு. பிறகு கைப்பேசி மழையில் நனைந்து செத்தது. முழுப் பதிவும் அதோடு போயிற்று.

அம்மா எந்தப் பாட்டையும் தனியாகக் கேட்கவில்லை. முதலிலிருந்துதான் வைக்கச் சொல்வார். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் எங்கள் ரேடியோ இரண்டு செகண்ட் சும்மா இருக்கும். அப்போதெல்லாம் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஐந்தாவது பாட்டு தொடங்கியதும், “நிப்பாட்டும்மா” என்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். “ரெண்டு செகண்டு தானேம்மா. அதுல என்ன குடி முழுகிப் போச்சு?”

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். “ஒங்கப்பாவுக்குக் கடைசியில மூச்சு அப்படித்தான் வந்துச்சு. நிக்கும். அப்புறம் வரும். திரும்ப நிக்கும். நானும் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ பெக்டரிக்கு வேலைக்குப் போயிருந்த.”

ரேடியோவை அணைத்தேன். இந்தப் பாட்டை வைத்து வைத்து, எத்தனை முறை அம்மாவைத் திரும்ப அப்பாவின் கட்டிலருகே உட்கார வைத்திருக்கிறேன்.

புதுக் கைப்பேசியில் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடமெல்லாம் ‘டக்’ என்றது. கடைசியில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். துண்டுக்குத் துண்டு இடைவெளி விடாத ரேடியோ செட்டு வேண்டும் என்றேன்.

“ரெண்டு செகண்டுக்காகவா புது செட்டு? யாருக்குலா அது தெரியப்போவுது?”

“எங்கம்மாவுக்குத் தெரியும்ணே.”

அவர் பென்டிரைவை வாங்கிச் சொருகினார். ஒவ்வொரு செட்டாகப் போட்டுக் காட்டினார். முதல் இரண்டு பாட்டு சேரும் இடத்தை மட்டும் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாவது செட்டு சொன்னபடி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு வைத்துக் காட்டினேன். முதல் பாட்டிலிருந்து இரண்டாவதற்குப் போனது தெரியவே இல்லை. அம்மாவின் கைகள் மடியிலேயே இருந்தன. நான்காவது முடிந்து ஐந்தாவது தொடங்கும் இடத்தில், ஏற்றத்தில் நடந்துகொண்டே அப்பா ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பிரிஞ்சாங் கடைக்காரர் வெட்டியது அந்த மூச்சின் நடுவில். இத்தனை நாளும் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடந்ததால் எங்களுக்கு அது மூச்சு என்றே தெரியவில்லை.

“அத இன்னொரு தடவ வைம்மா,” என்றார் அம்மா.

பின்னால் தள்ளி வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“அப்பல்லாம் எவ்ளோ நல்லா மூச்சு விட்டாரு,” என்றார்.

அன்று சாயங்காலம்வரை அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன்.