சத்தம் கேட்டுத் திரும்பினேன்

முதலியார்பேட்டையில் அந்த விபத்து நடந்தபோது நான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். என் ஸ்கூட்டிக்குப் பின்னால் பெரிதாக ஒரு சத்தம். திரும்பினேன். லாரி ஒன்று கோணலாக நின்றது. சைக்கிளில் பால் கொண்டுவந்தவர் தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் கிடந்தார். டீக்கடைக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் பண்ண ஓடினார். நான் கீழே கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார் என்று சாயங்காலம் தெரிந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொன்னேன். ஏட்டு எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

சம்மன் வர இரண்டு வருடம் ஆனது. கோர்ட் வராந்தாவில்தான் இறந்தவரின் மனைவியை முதலில் பார்த்தேன். பாகூர் பக்கம் ஒரு கிராமம். முப்பது வயதுகூட இருக்காது. நான்தான் சாட்சி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாராக்கா?”

“தண்ணி கேட்டாரு.”

“குடுத்தீங்களா?”

“இல்லம்மா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

தலையாட்டினாள். அப்புறம் அதைப் பற்றி அவள் கேட்டதேயில்லை.

அன்று நீதிபதி லீவு. அடுத்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. அதற்கடுத்த முறை வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்திருந்தார்கள். ஒன்றரை வருடம் இப்படியே வாய்தா. ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் நடவு வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஒரு நாள் டீக்கடைக்காரர் கூண்டேறி, கடைக்குள் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இருக்கீங்கக்கா. அது போதும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் முறை வந்த காலையில்தான் அரசு வக்கீல் என் வாக்குமூலத்தைக் காட்டினார். ‘லாரியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து சைக்கிளின் பின்புறம் மோதியதை நேரில் பார்த்தேன்’ என்றிருந்தது.

“சார், நான் இப்படிச் சொல்லலியே. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.”

“இதையே சொல்லுங்கம்மா. இது இல்லன்னா கேஸே இல்ல.”

உண்மையைச் சொல்வதாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். என்ன பார்த்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டபோது, சத்தம் கேட்டுத் திரும்பியதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இரண்டே கேள்விகள்.

“லாரி என்ன வேகத்தில் வந்தது?”

“தெரியாது.”

“சைக்கிள் குறுக்கே வந்ததா, இல்லையா?”

“தெரியாது.”

பின்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. இறங்கி வந்தபோது அவள் வராந்தாவில் இல்லை.

டிரைவர் விடுதலையானதை ஒரு குமாஸ்தா சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஆள் மேல் தப்பா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறு வருடம் அவளை லாஸ்பேட்டை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கவர்மெண்ட் குவார்ட்டர்சில் வீட்டு வேலைக்கு வருகிறாளாம். பார்க்காததைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை என்றேன்.

“அதச் சொல்லலக்கா. பாக்கலன்னா பாக்கலதான்,” என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “எத்தினி நாளு பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? வேற யாராச்சும் பாத்தாங்களான்னு நான் தேடியிருப்பேன்.”

குரல் உயரவில்லை. பஸ் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

அன்று அந்த ரோட்டில் இருபது பேராவது கூடியிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட நானும் விசாரித்ததில்லை.