நாற்பது பேருக்கு ஒரு வாசல்

என் பேத்தி யோகலட்சுமி எந்த அறைக்குள் போனாலும் முதலில் வாசலைத்தான் எண்ணுவாள். கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒரே வாசல் இருந்தால் அதை ஒட்டித்தான் இடம் பிடிப்பாள். இதைக் கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பழக்கத்தால்தான் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். காலேஜில் அவள் பேரை அடிக்கப் பார்த்ததும் அதே பழக்கத்தால்தான்.

எங்களுக்கு ஊர் விஸ்வநத்தம். ஒரு காலத்தில் காட்டு வேலைக்குப் போனோம். பிறகு வீட்டோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டோம். என் மகன் கண்ணுச்சாமி லோடு ஏற்றுகிறவன். மருமகள் செல்வலட்சுமி வெடிக்குள் மருந்து அடைக்கிறவள். அந்த வேலை நடக்கும் சின்னக் கட்டடத்துக்கு ரூம் என்று பேர். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரில் எழுதியே போட்டிருப்பார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த நாலு மட்டும் தெரியும். ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் ஒரு தூக்குச்சட்டி கிடந்தாலும் போர்மேன் உக்கிரபாண்டி கத்துவது நாலு ரூம் தள்ளிக் கேட்கும்.

"ஏலே, வாசல்ல எவம்லே சாக்கப் போட்டது? அம்புட்டுப் பேரும் சாகணுமா?"

பத்தாம் வகுப்பு லீவில், வயதைக் கூட்டிச் சொல்லி, யோகலட்சுமி அம்மாவோடு வேன் ஏறினாள். அது தப்புத்தான், மறைக்கவில்லை. அடுத்த வருஷ லீவிலும் போனாள். அப்போது ஒருநாள் மத்தியானம், பக்கத்தில் இருந்தவள் தட்டை இழுத்தது உரசி மருந்து பற்றிக்கொண்டது. யோகலட்சுமி முதுகுப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போய் விழுந்தாள். நாலு பேரும் நாலு வாசல் வழியாகத் தப்பினார்கள். மருமகளுக்கு மட்டும் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கையால் பின்னல் போட வராது.

"இனிக் கம்பெனிப் பக்கமே போக மாட்டேன்" என்றாள் பேத்தி.

"அப்பப் படி" என்றான் கண்ணுச்சாமி. "படிக்கலைன்னா வேன்தான். நடுவுல ஒண்ணும் கிடையாது."

அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் நடுவில் எதுவும் கிடையாது, அதைத்தான் சொன்னான்.

பிள்ளை படித்தாள். இரண்டாயிரத்து ஆறில் பிளஸ் டூ முடித்து, விருதுநகருக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் என்ஜினியரிங்கில் இடம் வாங்கினாள். தெருவே வந்து பார்த்தது. கூடவே ஒரு கடிதம் வந்தது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் நாலு வாரம், வெயில் காலத்திலேயே, சயன்ஸ் பிள்ளைகள் என்ஜினியரிங் பிள்ளைகள் எல்லாரையும் அங்கேயே ஹாஸ்டலில் தங்கவைத்து, ஒன்றாக உட்காரவைத்துக் கணக்கு, இங்கிலீஷ், லேப் வேலை எல்லாம் அடியிலிருந்து சொல்லித் தருவார்களாம். அதற்குப் பேர் பிரிட்ஜ் கோர்ஸ்.

நான் போய்ப் பக்கத்து வீட்டுச் சோலையம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பிரிட்ஜு பழுது பாக்கவா மதினி அம்புட்டுத் தூரம் அனுப்புறீக? பஸ் ஸ்டாண்டுகிட்ட நம்ம செல்லப்பாண்டியே கத்துக் குடுப்பானே!"

எனக்குச் சுருக்கென்றது. வந்து பேத்தியைப் பிடித்தேன்.

"தண்ணி வைக்கிற பிரிட்ஜ் இல்ல அப்பத்தா. இது பாலம்."

"பாலம் கட்டவா? கம்ப்யூட்டர்னுதான சொன்ன?"

"பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் நடுவுல பாலம்."

"அப்ப ஆறு எங்கன இருக்கு?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வெயில் காலத்தில் அவள் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அவள் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். ராக்கப்பன் கடைக்குப் போன் வந்திருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள்.

"அப்பத்தா, என்னைய வந்து கூட்டிட்டுப் போங்க."

"என்னத்தா, சோறு சரியில்லையா?"

"சோறு இல்ல. லேப்பு."

கெமிஸ்ட்ரி லேப்பில் நாற்பது பேர். கம்ப்யூட்டர் படிக்கிறவர்களும் அந்த நாலு வாரம் அதற்குள் போகத்தான் வேண்டும். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. முன்பக்கம் ஒரு கதவு. ஆள் உள்ளே வந்ததும் அது தானாகச் சாத்திக்கொள்ளும். பின்பக்கமும் ஒரு கதவு உண்டு, ஆனால் அதைப் பூட்டி, இரும்பு பீரோவை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த பீரோவில், எங்கள் கம்பெனியில் தனித்தனிக் கட்டடத்தில் வைக்கும் கந்தகமும் வெடியுப்பும் ஒரே தட்டில் பாட்டில் பாட்டிலாக நிற்கின்றன. வெளியே இங்கிலீஷ் பேர் ஒட்டியிருந்தாலும், பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். அதற்கு மேல் மூச்சு முட்டி வெளியே வந்துவிட்டாள். ஆப்சென்ட் போட்டார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்று ஆப்சென்ட் ஆனால் பேரை அடித்துவிடுவார்களாம், அப்புறம் காலேஜ் வகுப்பில் சேர்க்க மாட்டார்களாம்.

"சரித்தா, வாசல் பக்கமா நின்னுக்கோ."

"நின்னேன் அப்பத்தா. நேத்து அங்கனதான் தப்பாப் போச்சு."

புதுச் சாமான் வந்த அட்டைப் பெட்டிகளை யாரோ கொண்டுவந்து அந்த ஒரே வாசலில் அடுக்கியிருக்கிறார்கள். இவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். வாசலே தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் உக்கிரபாண்டி மாதிரியே கத்திவிட்டாள்.

"ஏலே, வாசல்ல எவம்லே பெட்டியப் போட்டது? அம்புட்டுப் பேரும் சாகணுமா?"

பெட்டி போட்டது லேப் வாத்தியார். பேர் இராமகிருஷ்ணன். கடைசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றிருக்கிறார்.

பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால்தான் இனி உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் வேலை தொடங்கிவிட்டது, கண்ணுச்சாமிக்கு லீவு கிடையாது. மருமகளுக்கும் அப்படித்தான்.

"கூட்டிட்டு மட்டும் வந்துறாதீக" என்றான் மகன் என்னிடம். "வந்தா மறுநாளே வேன்தான்னு அவளுக்கும் தெரியும்."

"அவ வரணும்னு சொன்னா நான் கூட்டிட்டுத்தான் வருவேன்" என்றேன். சொன்னேனே தவிர, கூட்டிவந்து எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

விருதுநகரில் பஸ் மாறி, நாலு பேரிடம் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளை லேப்புக்கு வெளியே மரத்தடியில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அந்த வழியாகப் போன இரண்டு பிள்ளைகள் "ஏலே போர்மேன்" என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். இவள் தலை நிமிரவில்லை.

இராமகிருஷ்ணன் சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு நாற்காலி போட்டார். அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

"பாட்டி, உங்க பேத்தி நல்லாப் படிக்கிற பொண்ணு. ஆனா என்னையவே ஏலேன்னு கூப்பிட்டா, நாப்பது பேருக்கு முன்னாடி நான் எப்படி நிக்கிறது?"

"தப்புத்தான் சாமி. எங்க ஊர்ல அது வையிறதில்ல, உசுரக் காப்பாத்துற சத்தம்."

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் ரூமைப் பற்றி, நாலு வாசலைப் பற்றி, மருமகள் கையைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"புரியுது பாட்டி. அங்க வெடிக்கும்னு தெரியும், அதனால நாலு வாசல். இங்க ஒண்ணும் வெடிக்காது."

"அங்கனயும் சொல்லிட்டா சாமி வெடிச்சது?"

அவர் மேசையில் கிடந்த ஆப்சென்ட் நோட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"அந்தப் பின்வாசலத் தெறந்து விடுங்க. பீரோவ நகட்ட நானும் ஒரு கை பிடிக்கேன்."

"அதைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது. சாவி ஆபீஸ்ல இருக்கு. போன வருஷம் சாமான் காணாமப் போனதுல பூட்டினாங்க. நான் கேட்டா, நீ யாருய்யான்னு கேப்பாங்க. நானே இங்க தற்காலிகம்."

ஆபீசுக்கும் போனேன். விட்டுவிட்டு வருகிறவளா நான்? அங்கே ஒருத்தர் நிமிர்ந்து பார்க்காமலே, "மனு எழுதிக் குடுங்கம்மா, கமிட்டி பார்க்கும்" என்றார். கமிட்டி எப்போது பார்க்கும் என்று கேட்டேன். தீபாவளி கழித்து என்றார். கோர்ஸோ இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது.

திரும்பி வந்தால், சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்திருந்தார். தமிழிலேயே எழுதினால் போதும், இரண்டு வரி. மரியாதை இல்லாமல் பேசியதற்கு மன்னிப்பு, அது முதல் வரி. இனி வகுப்பு முடியும் வரை லேப்பை விட்டு வெளியே போக மாட்டேன், அது இரண்டாவது. பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், கீழே பெரியவர்களும் போட வேண்டும்.

யோகலட்சுமி முதல் வரியை ஒரே மூச்சில் எழுதினாள். இரண்டாவதற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"முத வரி போதும் சார்" என்றேன். "ரெண்டாவது வேணாம்."

"ரெண்டும் இருந்தாத்தான் பாட்டி மேல ஒத்துக்குவாங்க."

"மூச்சு முட்டுனாலும் வெளிய வர மாட்டேன்னு எவளாவது எழுதிக் குடுப்பாளா? நீங்க எழுதுவீகளா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் சேரும்போது இதைவிட மோசமா எழுதிக் குடுத்திருக்கேன் பாட்டி."

நான் எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தேன். "வாத்தா, பெட்டியக் கட்டு. போவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எங்கன போவோம் அப்பத்தா?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குப் போயி? காலையில வேன் வருமே?"

நான் அவள் கையை விட்டேன். அவள் பேனாவை எடுத்து இரண்டாவது வரியையும் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது எனக்கே தெரிந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். சார் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"நான் வைக்க மாட்டேன்" என்றேன்.

"அப்பத்தா."

"மாட்டேன்னா மாட்டேன். கம்பெனியில அம்புட்டுத் தாளுக்கும் என்ன ஏதுன்னு கேக்காம கைநாட்டு வச்சவதான் நான். இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்."

பிள்ளை என் பெருவிரலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"வைங்க அப்பத்தா. அங்கன நாலு வாசலும் இருக்கு, நெருப்பும் இருக்கு. இங்கன வாசல்தான் இல்ல. நான் இருந்து பாக்கேன்."

அவளே என் விரலை மையில் ஒற்றினாள். அவளே தாளில் வைத்து அழுத்தினாள். நான் கையை இழுக்கவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது.

இரண்டு மணிக்கு லேப் தொடங்கியது. சார் வாசலை ஒட்டி இருந்த மேசையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான். கடைசி ஆள் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டேன். ஊருக்கு மூன்று மணி பஸ் போனது, விட்டுவிட்டேன். கதவு திறக்கவே இல்லை.

நாலு மணிக்கு மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே வந்தாள். முதுகுப் பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"என்னத்தா சொல்லிக் குடுத்தாக?"

"ஒண்ணும் காதுல ஏறல அப்பத்தா" என்றாள். குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கும் இருக்கு. இருட்டுறதுக்குள்ள நீங்க கெளம்புங்க."